வழியில் இருப்பதும் வழியாக இருப்பதும்

2016 ஜூன் 26 அன்று பனாமாக் கால்வாயில் புதிய, அகலமான மதகுத் தொட்டிகள் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு சுமார் 5,000 சரக்குப் பெட்டகங்கள் ஏற்றிய கப்பல்தான் அந்த வழியே போக முடியும். அன்றுமுதல் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்றிய கப்பல்களும் போகத் தொடங்கின. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 5 அன்று, குளச்சலை அடுத்த இனயத்தில் பெருந்துறைமுகம் ஒன்று அமைக்க இந்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் பழக்கம் அப்போது நம்மிடம் இருந்தது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பல் பாதை குமரி முனைக்குத் தெற்கே சில கடல் மைல் தொலைவில் போகிறது. கடல் ஆழமாக இருக்கிறது. ஆகவே இயற்கையே இங்கே ஒரு துறைமுகத்தை எழுதி வைத்துவிட்டது என்றார்கள். பனாமா, சிங்கப்பூர், கொழும்பு என்ற பெயர்கள் மேடைகளில் வரிசையாக வந்தன. இந்த வாதத்தில் ஒரு சொல் பிசகி இருக்கிறது என்பது என் எண்ணம். பனாமா கப்பல்களுக்கு வழியாக இருக்கிறது. குளச்சல் கப்பல்களின் வழியில் இருக்கிறது. வேற்றுமை உருபு ஒன்றுதான் மாறுகிறது. அதற்குள் முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் பனாமாவைப் பார்த்துவிடலாம். குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா என்று வடக்கிலிருந்து இறங்கிவரும் மத்திய அமெரிக்க நாடுகளில் கடைசி நாடு அது. தெற்கே கொலம்பியாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 75,000 சதுர கி.மீ.; மக்கள் தொகை சுமார் 44 லட்சம். கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,672 சதுர கி.மீ.; 2011 கணக்கெடுப்பில் இங்கே 18.7 லட்சம் பேர். அதாவது நம் மாவட்டத்தைப் போல 45 மடங்கு நிலத்தில் இரண்டரை மடங்குக்கும் குறைவான மக்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும். நாடு கிழக்கு மேற்காக, படுத்த பாம்புபோல நெளிந்து கிடப்பதால் ஒரு விசித்திரம் உண்டு: அட்லாண்டிக் பக்கத்து வாசலைவிட பசிபிக் பக்கத்து வாசல் கிழக்கே இருக்கிறது. பனாமா நகரத்துக்காரர் சூரியன் பசிபிக்கிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். கடலில் உதித்துக் கடலில் மறையும் சூரியனைக் காட்டித் தங்கும் விடுதி நடத்தும் குமரிக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படாது.

அந்த நிலம் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 50 கி.மீ. அகலம்தான். இதைப் பார்த்துத்தான் சூயஸ் வெட்டிய லெசப்ஸ் அங்கே போனார். 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள். 1889-ல் கம்பெனி திவாலானது. மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. நிலம் குறுகலாக இருந்தது உண்மை, ஆனால் நிலம் யாருக்கும் வழிவிடவில்லை. அடுத்து அமெரிக்கா வந்தது. அப்போது பனாமா கொலம்பியாவின் ஒரு பகுதி. 1903 ஆகஸ்டில் கொலம்பிய செனட் கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது. நவம்பர் 3-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் காவலோடு பனாமா தனி நாடானது. நவம்பர் 18-ல், புதிய நாட்டின் பெயரில் ஒரு பிரெஞ்சுப் பொறியாளரே கையெழுத்துப் போட்டுக் கால்வாய்ப் பகுதியை அமெரிக்காவுக்குக் கொடுத்தார். ஒரு நாட்டின் எல்லையே கால்வாய்க்காக வரையப்பட்டது. கடல் மட்டத்தில் வெட்ட முடியாததால் ஆற்றை மறித்து ஏரி உண்டாக்கி, கப்பல்களை 26 மீட்டர் மேலே தூக்கி, மறுபக்கம் இறக்கினார்கள். ஏரியின் கீழ் ஊர்கள் மூழ்கின. கால்வாய்ப் பகுதியில் குடியிருந்தவர்களை 1912-ல் ஆணை போட்டு வெளியேற்றினார்கள். அமெரிக்கர் கட்டிய காலத்தில் இறந்தவர்கள் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 5,609 பேர். 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலுக்கு ஏறத்தாழ 8,000 கடல் மைல் மிச்சம். கால்வாய் முழுதாகப் பனாமாவின் கைக்கு வந்தது 1999-ன் கடைசி நாளில். ஆக, பனாமா இயற்கையின் கொடை என்று சொல்பவர் பாதிக் கதைதான் சொல்கிறார். அந்தக் குறுகலான நிலம் வழியானதற்கு ஒரு வல்லரசு, ஒரு புதிய எல்லைக்கோடு, நோயைப் பற்றிய புதிய அறிவு, வாய் திறக்க முடியாத மக்கள் எல்லாம் தேவைப்பட்டன. ஆனால் ஒருமுறை வழியானபின் அதற்கு மாற்று கிடையாது. சுற்றிப் போனால் தென் அமெரிக்கா முழுவதையும் சுற்ற வேண்டும். 2023-ல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது நாளொன்றுக்கு 36-க்குக் குறையாமல் கடந்த கப்பல்கள் சில மாதங்களில் 22 வரை குறைந்தன. முதலாளிகள் வரிசையில் நின்றார்கள், ஏலத்தில் இடம் பிடித்தார்கள், பெரும்பாலோர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடவில்லை. வழியாக இருப்பது என்றால் அதுதான்.

இனி குளச்சல். வெளியூர்க்காரர்கள் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறார்கள். கறாராகப் பார்த்தால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. வயலும் குளமும் உள்ள நெல் பூமி அது. குளச்சல் இருப்பது கல்குளம் தாலுகாவில், தென்னையும் மேடுபள்ளமுமான பழைய வேணாட்டுப் பக்கத்தில். நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கி.மீ.; திருவனந்தபுரத்திலிருந்து 50 கி.மீ. அளவு. சென்னையோ 700 கி.மீ.க்கு அப்பால். மாவட்டத்தின் கடற்கரை மொத்தம் 70 கி.மீ. போலத்தான், ஆனால் அதற்குள் இரண்டு கடல் இருக்கிறது. இதற்குக் கவிதை வேண்டாம், அரசாணை போதும். கிழக்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் விசைப்படகுகள் முதல் கணக்கில் வரும், குளச்சல் விசைப்படகுகள் இரண்டாவதில் வரும். ஒரே மாவட்டம், ஒரே மாவட்ட ஆட்சியர், இரண்டு தடைக்காலம். குளச்சலின் கடல் அரபிக்கடல் என்பதையும், ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று நேராக முகத்தில் வந்து அறையும் கடல் என்பதையும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கரைக்கு வெளியே சில பாறைகள் இருக்கின்றன. அவை சிப்பி எடுப்பவர்களுக்குப் பிழைப்பு. ஓரளவு அலையை உடைக்கும். நல்ல காலத்தில் பாய்மரக் கப்பல் நங்கூரமிட்டு நிற்கவும், தோணியில் சரக்கை ஏற்றி இறக்கவும் அது போதும். மழைக்காலத்தில் போதாது. ஆழமான கடல் வேறு, அடங்கிய கடல் வேறு. துறைமுகத்துக்கு இரண்டும் வேண்டும். இயற்கை இங்கே முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டது.

குளச்சல் இயற்கைத் துறைமுகம் என்று வாதிடுபவர்கள் முதலில் எடுத்துவைக்கும் சான்று 1741-ஆம் ஆண்டுப் போர். உலகின் பெரிய வணிகக் கம்பெனியான டச்சுக் கம்பெனியே இந்த இடத்தைக் கைப்பற்றத் துடித்தது என்றால், அதன் முக்கியத்துவத்துக்கு வேறு என்ன சாட்சி என்பார்கள். அந்தப் போரையே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டச்சுக்காரர்களுக்கு வேண்டியது மிளகு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை விழுங்கி வடக்கே நகர்ந்தபோது அவர்களுடைய மிளகு ஒப்பந்தங்கள் ஆட்டம் கண்டன. இலங்கையிலிருந்து படை வந்தது. அது குளச்சலில் இறங்கியதற்குக் காரணம் துறைமுக வசதி என்பதைவிட, திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது என்பதுதான். கடல் அமைதியாக இருந்த மாதங்களில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. கரையில் இருந்த படைக்குக் கடல்வழியே உதவி வருவது கடினமாயிற்று. ஜாவாவில் சீனக் குடியேறிகளோடு மூண்ட சண்டையில் சிக்கியிருந்த டச்சுக் கம்பெனியின் பத்தாவியத் தலைமையும் கைகொடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் 10 அன்று டச்சுப் படை தோற்றது. அதாவது ஆடி மாதக் கடைசியில். குளச்சலில் அந்தப் போரின் வெற்றித் தூண் நிற்கும் இடத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் போரின் நாட்காட்டியே பேசுகிறது: ஆடியிலும் கப்பல் அணையக்கூடிய துறைமுகமாகக் குளச்சல் இருந்திருந்தால், மார்த்தாண்ட வர்மாவுக்கு அந்த வெற்றி அவ்வளவு எளிதில் கிடைத்திராது. மன்னரின் போர்த்திறனையோ, அவருக்குத் துணைநின்றதாக மரபு சொல்லும் மீனவர்களின் பங்கையோ குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. குளச்சல் பெருந்துறைமுகம் என்பதற்குக் காட்டப்படும் சான்று, அது துறைமுகம் அல்ல என்பதற்கான சான்றாகவே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

வென்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பது இன்னும் தெளிவான சாட்சி. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், திருவிதாங்கூர்ப் படையின் வலிய கப்பித்தான், அதாவது பெருந்தளபதி ஆகி, 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். கோட்டைகள் வலுவாயின. மிளகு வணிகம் அரசின் கைக்கு வந்தது. ஆனால் அந்த வணிகத்துக்கான புதிய துறைமுகத்தைத் திருவிதாங்கூர் குளச்சலில் கட்டவில்லை. 1762-ல் ஆலப்புழையில் தொடங்கியது. ஆலப்புழைக்குப் பின்னால் காயல்களும் ஆறுகளும் வலைபோல் பரந்து, மலைச்சரக்கைப் படகிலேயே கொண்டுவந்து சேர்த்தன. அதற்குமேல் ஒரு விந்தையும் உண்டு: மழைக்காலத்தில் அந்தக் கரைக்கு அருகே சேறு திரண்டு அலையை அடக்கிவிடும், மலையாளத்தில் சாகர என்பார்கள். கொந்தளிக்கும் பருவத்திலும் கப்பல் அங்கே நிற்கலாம். 1795-ல் தலைநகரமும் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரம் போனது. குளச்சலை முக்கியமாக்கிய அரண்மனையும் மிளகும் இரண்டுமே வடக்கே நகர்ந்தபின், பாறைகளும் ஆழமும் அங்கேயேதான் இருந்தன. அவை மட்டும் போதுமென்றால் ஊர் சோர்ந்திருக்கக் கூடாது.

இந்த ஊருக்கும் ஒரு கால்வாய் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க 1860-ல், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் தொடங்கியது அது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று கடவுள், பேரரசி, மன்னர் மூன்று பேரின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். நம்மூரில் சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். பூவாரிலிருந்து குளச்சலைத் தாண்டி மண்டைக்காடு வரை வந்தது, அதோடு நின்றது. கன்னியாகுமரியைத் தொடவே இல்லை. ரோடும் லாரியும் வந்தபின் அதில் போக எதுவும் மிச்சமில்லை. தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, கரைக்கு இணையாக ஒரு பள்ளமாகக் கிடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடலுக்கு முதுகு காட்டி ஓடியவர்களுக்குக் குறுக்கே அந்தப் பள்ளம்தான் கிடந்தது. பலர் அதில் சிக்கி மாண்டார்கள். பனாமாவில் ஒரு கால்வாய் நாட்டையே உண்டாக்கியது. இங்கே முடிவடையாத ஒரு கால்வாய் 144 ஆண்டு கழித்து உயிர்களை வாங்கியது. வெட்டுவதற்கு முன் யாருக்காக, எந்தச் சரக்குக்காக என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லாதபோது, நீர்வழி என்பது வெறும் பள்ளம்தான்.

எல்லைக்கோட்டின் கதைக்கு வருவோம். பனாமாவில் எல்லை கால்வாய்க்காக மாறியது. இங்கே எல்லை மொழிக்காக மாறியது. அதில் தவறேதும் இல்லை. திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம், மார்ஷல் நேசமணியின் தலைமை, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு ஆகியவற்றுக்குப் பின், 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தில் சேர்ந்தன. மக்கள் கேட்டுப் பெற்ற எல்லை அது. ஆனால் துறைமுகக் கண்ணால் பார்த்தால் ஒரு பக்கவிளைவு இருந்தது. தலைநகரிலிருந்து அரை நாள் பயணத்தில் இருந்த ஊர், மாநிலத்தின் கடைக்கோடி ஆயிற்று. தமிழகத்துக்கு வங்கக்கடல் பக்கம் ஏற்கெனவே சென்னை இருந்தது. தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமானது. பிறகு எண்ணூர் வந்தது. அரபிக்கடல் பக்கம் ஒரு கீற்றுக் கரை வைத்திருக்கும் மாநிலம் அங்கே பெருந்துறைமுகத்தை முதல் வரிசையில் நினைக்கக் காரணம் ஏதும் இல்லை. கேரளத்துக்கோ மேற்கைத் தவிர வேறு கடலே கிடையாது. அங்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தானது. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இனயத்திலிருந்து நேர்கோட்டில் அது 30 கி.மீ. அளவு தொலைவுதான். அதே பாதை, அதே ஆழம், அதே பருவக்காற்று. நிலவியலா விழிஞ்ஞத்தைத் தேர்ந்தெடுத்தது? ஒரு மாநில அரசின் பிடிவாதம்தான் தேர்ந்தெடுத்தது.

இனயம் திட்டத்தின் பயணத்தைப் பார்த்தாலே இது விளங்கும். குளச்சல் துறைமுகம் என்ற பெயரில் பேச்சு தொடங்கியது. அமைச்சரவை ஒப்புதல் வந்தபோது இடம் இனயம். தூத்துக்குடி, சென்னை, காமராஜர் துறைமுகங்கள் முதலீட்டோடு தனி நிறுவனம் அமைப்பது திட்டம். செலவு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றார்கள். இந்தியப் பெட்டகங்கள் கொழும்பு, சிங்கப்பூர் போய்க் கப்பல் மாறுவதால் நம் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி வரை வருவாய் இழப்பு என்பது அரசு சொன்ன காரணம். கரையோர ஊர்கள் எதிர்த்தன. அடுத்து இடம் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே, இனயத்திலிருந்து 35 கி.மீ.க்கும் மேல் கிழக்கே மாறியது. அங்கும் எதிர்ப்பு வந்தது. இயற்கை எழுதி வைத்த துறைமுகம் என்றால் அதை மேசையில் வைத்து இப்படி இங்கும் அங்கும் நகர்த்த முடியுமா? பனாமாவில் கால்வாயை நூறு மைல் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் 1912-ல் சொல்லியிருக்க முடியாது. நகர்த்த முடிகிற இடம் கட்டாயமான இடம் அல்ல.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. சிங்கப்பூரில் கால்வாய் இல்லை, கொழும்பில் இல்லை. இரண்டும் கப்பல் மாற்றும் தொழிலில் வளர்ந்தவைதானே, வழியில் இருந்தே வாழ்ந்தவைதானே என்று கேட்கலாம். சிங்கப்பூர் உண்மையில் வழியில் மட்டும் இல்லை. மலாக்கா நீரிணை என்ற இடுக்கின் வாயில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிப் போவது வீண்செலவு. கொழும்பின் கதைதான் நமக்குப் பாடம். இலங்கையின் பழைய கப்பல் துறை காலி என்ற ஊர். பாதைக்கு அதுவே பக்கம், இயற்கையான குடாவும் அதற்கு உண்டு. கொழும்போ திறந்த கடல். ஆனால் 1875-ல் அடிக்கல் நாட்டி 1885-ல் அலைதடுப்புச் சுவரை முடித்தபின் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின; ஏனென்றால் மலையகத்திலிருந்து ரயில் வந்து சேர்ந்த இடம் கொழும்பு. காப்பியும் தேயிலையும் அங்கே இறங்கின. இயற்கைத் துறையைச் செயற்கைத் துறை வென்றது, பின்நிலத்தின் பலத்தால். கப்பல் மாற்றும் துறைமுகம் இன்று எந்தப் பின்நிலமும் இல்லாமல் பிழைக்கலாம் என்பது உண்மைதான். அப்படியானால் அது போட்டி போட வேண்டியது கட்டணத்திலும் வேகத்திலும். பெட்டகக் கப்பல் முதலாளிக்கு ஒரு துறைமுகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ஒரு கடிதம் போதும். முதலில் வந்தவன், ஏற்கெனவே கிளைக்கப்பல்களைப் பிடித்து வைத்திருப்பவன், அரசு மானியம் பெறுபவன் ஆகியோருக்கே அங்கே இடம். விழிஞ்ஞம் இயங்கத் தொடங்கியபின், அதே வேலைக்கு அதே கரையில் இரண்டாவது கடை வைப்பதைப் பொருளாதாரம் என்று சொல்வது கடினம். கேரள அரசும் இதே கணக்கைச் சொல்லித்தான் இனயத்தை எதிர்த்தது. அதன் சுயநலம் அதில் இருந்தது, ஆனால் கணக்கு தப்பில்லை.

சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். தமிழர்கள் வழியாக இருக்க விரும்பிய ஒரே திட்டம் அது. 2005 ஜூலை 2-ல் மதுரையில் தொடங்கிவைத்தார்கள். ஆழம் 12 மீட்டர். 30,000 டன் அளவுக் கப்பல்களுக்கானது. உலகின் பெரிய கப்பல்கள் அந்த ஆழத்தில் நுழைய முடியாது. இலங்கையைச் சுற்றுவதில் இழக்கும் நேரம் தென் அமெரிக்காவைச் சுற்றுவதுபோல ஒரு மாதக் கணக்கும் இல்லை. ராமர் பாலம் பற்றிய சண்டையின் சத்தத்தில் இந்தச் சின்னக் கணக்கு யார் காதிலும் விழவில்லை.

இன்னொரு மறுப்பு மீனவர்களைப் பற்றியது. ஒரு சில ஊர்களின் பிடிவாதம் ஒரு மாவட்டத்தின் வேலைவாய்ப்பைக் கெடுத்தது என்று நாகர்கோவில் டீக்கடைகளில் இன்றும் கேட்கலாம். வேலை இல்லாத பட்டதாரிகள் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கோபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வளைகுடாவுக்குப் போகாமல் பிழைக்க வழி உண்டா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆனால் முன்னர் சொன்ன கணக்கு இங்கே தேவைப்படுகிறது. பனாமாவில் ஒரு சதுர கி.மீ.க்கு 60 பேர்கூட இல்லை. குமரி மாவட்டத்தில் 1,100 பேருக்கு மேல். மாவட்டக் கடற்கரையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளி என்பதே அரிது. ஒரு கோயில் மணி அடித்தால் அடுத்த ஊரில் கேட்கும். இங்கே ஆயிரம் ஏக்கர் துறைமுக நிலம் என்றால் அது வெற்று நிலம் அல்ல, யாருடைய வீடோ வள்ளம் ஏற்றும் இடமோதான். 1912-ல் கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு வாக்குரிமை இருந்திருந்தால் பனாமாவின் கதையும் வேறாகியிருக்கலாம். அலைதடுப்புச் சுவர் எழுந்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரிக்கும் என்பது இந்தக் கரையில் யாரும் புத்தகம் பார்த்துப் படித்ததல்ல. அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டு மனுக்கொடுத்தே வயதானவர்கள் உண்டு. கரை அரிப்பை முன்வைத்து 2022-ல் விழிஞ்ஞத்திலும் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். மேலும், போராட்டம் திட்டத்தைத் தாமதப்படுத்தியதே தவிர, விழிஞ்ஞம் முந்திக்கொண்டதற்கு அது காரணம் ஆகாது. 2016-ல் ஒப்புதல் வந்த நாளிலேயே அந்த ஓட்டத்தில் நாம் ஓராண்டு பின்னால்தான் நின்றோம்.

அப்படியானால் குளச்சலின் இருப்பிடத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் துறைமுக வாதத்தில் அது எண்ணப்படவில்லை. குமரி முனைக்குத் தெற்கே கண்டத்திட்டு அகன்று வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பரப்பாக விரிகிறது. இந்தியாவும் இலங்கையும் 1976-ல் செய்துகொண்ட ஏற்பாட்டில் அதன் மேல் இந்தியாவுக்கே முழு உரிமை உறுதியானது. கச்சத்தீவைப் பற்றி நூறு கட்டுரை எழுதிய நாம் இதைப் பற்றி எழுதியது குறைவு. குளச்சல் விசைப்படகும் அதற்கு மேற்கே தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தூண்டில் படகுகளும் வாழ்வது இப்படிப்பட்ட கடலால்தான். இன்னொன்று, கரையிலேயே கிடக்கிறது. குளச்சலுக்கு அருகே மணவாளக்குறிச்சியின் மணலில் மோனசைட் உண்டு. காலங்காலமாக அது வெறும் மணல். 1909-ல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டறிந்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். அப்போது ஐரோப்பிய வீதிவிளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. அவர் வைத்த ஆலையின் தொடர்ச்சியாக இன்றும் அங்கே மத்திய அரசு நிறுவனம் மணல் பிரிக்கிறது. மணலின் விலையை மணல் தீர்மானிக்கவில்லை, எங்கோ ஒரு நகரத்தின் இருட்டு தீர்மானித்தது. ஒரு கரையின் மதிப்பு எப்போதும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. அதனால்தான் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, கப்பல் பாதைக்கு இத்தனை மைல் என்று எழுதிக் காட்டுவது எனக்கு ஆய்வாகத் தோன்றவில்லை.

கப்பல் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருவது வேறொன்றும் உண்டு. குமரிக் கடலைக் கடக்கும் கப்பல்களில் பல, பனாமாவின் கொடியைக் கட்டியவை. உலகில் அதிகக் கப்பல்கள் பதிவான நாடாகப் பல ஆண்டுகள் இருந்தது அதுதான். முதலாளி எந்த நாட்டவராயினும் கட்டணம் கட்டினால் கொடி கிடைக்கும். லைபீரியாவும் இதே தொழிலைச் செய்கிறது. லைபீரியக் கொடி கட்டிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற பெட்டகக் கப்பல் 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டு, மே 25 அன்று 640 பெட்டகங்களோடு கொச்சிக்கு வெளியே கடலில் மூழ்கியது. சில நாட்களில் பெட்டகங்களிலிருந்து சிதறிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் தெற்கே மிதந்து வந்து குமரி மாவட்டத்துக் கரைகளில் ஒதுங்கின. அப்போதுதான் மேற்குக் கரையின் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் குளச்சல் தங்குதளத்தில் கட்டிக் கிடந்தன.